பார்ட் பார்ட்டா கழட்டி மாட்டுற போன் நெஜமாவே சாத்தியமா, இல்ல ஆசை மட்டும்தானா?

கோவில்பட்டி_குமரன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி, இன்னைக்கு நடந்தத பாத்துட்டு கேட்டே ஆகணும்னு வந்துட்டேன். என் போன் வாங்கி மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆகுது, 17 ஆயிரம் குடுத்து வாங்கினது, டிஸ்ப்ளேல ஒரு கீறல் கூட இல்ல, கேமரா நல்லாருக்கு, ஸ்பீடும் எனக்குப் போதும். ஆனா ஒரு மாசமா பேட்டரி மதியத்துக்கு மேல தாங்கல, சார்ஜர் பின்னும் லூசாகி ஒரு பக்கமா சாய்ச்சு வச்சாதான் ஏறுது, இப்போ பின்பக்கம் லேசா தூக்கிட்டு வேற நிக்குது. சர்வீஸ் சென்டர் போனா பேட்டரியும் சார்ஜிங் போர்டும் சேத்து ஒரு ரேட் சொன்னாங்க, அது கூட பரவால்ல, பிரிக்கும்போது டிஸ்ப்ளே போச்சுன்னா நாங்க பொறுப்பில்லன்னு எழுதின பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. டிஸ்ப்ளேயும் போச்சுன்னா மொத்தம் 8,400 ஆகுமாம். "அதுக்கு புதுசே வாங்கிடலாமே சார்"னு அவங்களே சொல்றாங்க.

வீட்ல 2012-ல அப்பா வாங்கின கம்ப்யூட்டர் இன்னும் ஓடுது. ரேம் ரெண்டு தடவ மாத்திருக்கேன், ஹார்டு டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டேன், எஸ்எம்பிஎஸ், அதான் உள்ள கரண்ட் குடுக்குற பொட்டி, ஒரு தடவ எரிஞ்சுச்சு, 900 ரூபாய்க்கு வேற வாங்கி நானே மாட்டினேன். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் ஒண்ணும் தெரியாது, பி.காம் படிச்சவன். நானே செய்ய முடிஞ்சுச்சுன்னா அதுக்குக் காரணம் அத செஞ்சவங்க அப்படி செஞ்சு வச்சிருந்தாங்க, அவ்ளோதான்.

காலேஜ் படிக்கும்போது 2013-ல ஃபோன்ப்ளாக்ஸ்னு ஒரு வீடியோ வந்துச்சு, டேவ் ஹக்கன்ஸ்னு நெதர்லாந்து டிசைனர் ஒருத்தர் போட்டது, போனை கட்டம் கட்டமா பிரிச்சு பேட்டரி தனியா கேமரா தனியா ப்ராசசர் தனியா மாட்டுற மாதிரி காட்டிருப்பாரு. எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் அத ஷேர் பண்ணோம், இனிமே போன் இப்படித்தான் வரும்னு நம்பினோம். பன்னெண்டு வருஷம் ஓடிப்போச்சு. கூகுள் கூட ப்ராஜெக்ட் ஆரான்னு ஆரம்பிச்சாங்களே, அது என்னாச்சு? டெக்னிக்கலா முடியாத காரியமா, இல்ல கம்பெனிக்காரங்க வேணும்னே செய்ய மாட்டேங்குறாங்களா? விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

சால்டர்_திண்டுக்கல்:

தம்பி, உங்க கேள்விக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல ஒண்ணு. பின்பக்கம் தூக்கிட்டு நிக்குதுன்னா பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம். இன்னைக்கே சார்ஜ் போடுறத நிறுத்துங்க, ஆஃப் பண்ணி வச்சிடுங்க, தலகாணிக்குக் கீழ பேன்ட் பாக்கெட்லன்னு எங்கயும் வைக்காதீங்க, தூக்கி நிக்குற பாகத்த கையால அமுக்கி ஒட்ட வைக்கவும் பாக்காதீங்க. உள்ள இருக்குற லேயர் ஒண்ணோட ஒண்ணு பட்டுச்சுன்னா புகைய ஆரம்பிச்சிடும். நான் கடைல ரெண்டு தடவ பாத்திருக்கேன், மண்ணு வாளி எப்பவும் பக்கத்துல வச்சிருப்பேன். மத்தத சாயங்காலம் கடை சாத்திட்டு எழுதுறேன்.

போர்டு_டிசைனர்:

நான் பத்து வருஷமா ஹார்டுவேர் டிசைன்ல இருக்கேன், போன் இல்ல, கையில வச்சு யூஸ் பண்ற பில்லிங் மிஷின் மாதிரி ஐட்டங்கள், ஆனா உள்ள இருக்குற சிப்பெல்லாம் போன் சிப்புதான். அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

இந்த ஆசை 2013-க்கும் முன்னாடியே இருந்துச்சு. இஸ்ரேல்ல மோடுன்னு ஒரு கம்பெனி, டோவ் மோரான்னு ஒருத்தர் நடத்துனாரு, ஒரு குட்டி போனை வேற வேற உறைக்குள்ள சொருகினா அது வேற வேற போனா மாறும்கிற மாதிரி செஞ்சாங்க. 2011-ல மூடிட்டாங்க, அவங்க பேட்டன்ட்டெல்லாம் கூகுள்தான் 49 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. ஃபோன்ப்ளாக்ஸ் வீடியோவுக்கு அந்த வருஷமே 9 லட்சம் பேருக்கு மேல ஆதரவு குடுத்தாங்க, அதே அக்டோபர்ல மோட்டோரோலா ஆராவ அறிவிச்சாங்க, அப்போ மோட்டோரோலா கூகுள் கையில இருந்துச்சு. லெனோவோகிட்ட வித்தப்பவும் இந்த டீம மட்டும் கூகுள் தன்கிட்டயே வச்சுகிச்சு. வெளையாட்டுக்கு ஆரம்பிச்சது கிடையாது. 50 டாலருக்கு ஒரு அடிப்படை போன், அதுல மத்ததெல்லாம் மக்களே காசு சேர சேர வாங்கி மாட்டிக்கலாம்கிறதுதான் குறிக்கோள். 2015-ல போர்ட்டோ ரிக்கோ தீவுல விக்கப் போறதா சொன்னாங்க, அந்த ஆகஸ்ட்லயே அத கைவிட்டாங்க.

2016 மே மாசம் திரும்ப காட்டினப்ப என்ன ஆயிருந்துச்சு தெரியுமா? ப்ராசசர், ரேம், டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாமே நடு ஃப்ரேம்ல நிரந்தரமா போயிடுச்சு, ஆறு ஸ்லாட்ல கேமரா ஸ்பீக்கர் மாதிரி சமாச்சாரம் மட்டும் மாத்திக்கலாம். மேடைல நின்னு "ஓகே கூகுள், கேமராவ வெளிய தள்ளு"ன்னு சொன்னதும் கேமரா தானா கழண்டு வந்துச்சு, நானும் கை தட்டினேன். ஆனா உங்கள மாதிரி ஆளுக்கு எது மொதல்ல சாகுமோ அந்த பேட்டரி உள்ள மாட்டிகிச்சு. அந்த செப்டம்பர்லயே மொத்தமா நிறுத்திட்டாங்க.

ஏன் உள்ள போச்சுன்னா, மொதல்ல ரேம். கம்ப்யூட்டர்ல ரேம் ஒரு ஸ்லாட்ல நிக்குது, ப்ராசசர்ல இருந்து சில இன்ச் தூரத்துல. போன்ல நெறைய மாடல்ல ரேம் சிப்பு ப்ராசசர் தலைமேலயே உக்காந்திருக்கும், சோறு கேரியர் அடுக்கு மாதிரி, விலை கம்மி மாடல்ல ரேமும் ஸ்டோரேஜும் ஒரே ஐசில வரும். இடத்த மிச்சம் பிடிக்க மட்டும்னு நெனைக்காதீங்க. அந்த வயர் நீளம் கூடக் கூட அதே ஸ்பீட்ல டேட்டா அனுப்ப அதிக கரண்ட் வேணும், நடுவுல ஒரு கனெக்டர் வந்துச்சுன்னா சிக்னல் அங்க முட்டித் திரும்பும். போனை விட்டுடுங்க, ஃப்ரேம்வொர்க்னு ஒரு கம்பெனி, எல்லாத்தையும் கழட்டி மாட்டலாம்கிறத வச்சே லேப்டாப் விக்கிறவங்க, 2025-ல ஒரு டெஸ்க்டாப் அறிவிச்சாங்க, அதுல ரேம் போர்டோட சால்டர் பண்ணி ஒட்டினதுதான். கழட்டுற மாதிரி செய்ய முடியுமான்னு ப்ராசசர் செய்யிற ஏஎம்டி கம்பெனி இன்ஜினியர்கள வச்சு பாத்தும் அந்த ஸ்பீடுக்கு சிக்னல் நிக்கலன்னு சொல்லிட்டாங்க. மேஜை மேல வைக்கிற பொட்டிலயே அந்த கதின்னா சட்டைப்பைல வைக்கிறதுல யோசிங்க.

அடுத்தது கனெக்டர். பாஸ்ட் சார்ஜிங்ல பேட்டரிக்குப் போற கரண்ட் 10 ஆம்பியர் அளவுக்கெல்லாம் ஏறுது. கான்டாக்ட்ல 10 மில்லி ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளில மட்டும் ஒரு வாட் சூடு. அதுவே நீங்க ஐம்பது தடவ கழட்டி மாட்டி, வேர்வையும் தூசியும் பட்டு கான்டாக்ட் மங்கிடுச்சுன்னா இன்னும் கூடும். போர்டுல சால்டர் பண்ண இடத்துல இந்தப் பிரச்சனையே கிடையாது. அப்புறம் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி உறை, தனி பூட்டு, தனி கனெக்டர். அந்த இடமெல்லாம் சேந்து பேட்டரியோட இடத்தத்தான் தின்னும்.

யாரும் பேசாத ஒண்ணு ரேடியோ. போனோட ஆன்டெனா தனியா வேல செய்யாது, பக்கத்துல எந்த உலோகம் எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாத்துதான் ட்யூன் பண்ணுவோம். உடம்புல எவ்ளோ கதிர்வீச்சு ஏறுதுன்னு அளக்குற எஸ்ஏஆர்னு ஒரு அளவு, நம்ம நாட்டுல கிலோவுக்கு 1.6 வாட்தான் உச்சம். நாலு ஸ்லாட், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு விதமான மாட்யூல்னு வச்சுக்கங்க, 625 விதமான போன் ஆகிப்போச்சு. எத டெஸ்ட் பண்ணி சான்றிதழ் வாங்குறது?

சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் நெஜமாவே நல்லா செஞ்சாங்க. மாட்யூல சொருகினதும் போன் அத அடையாளம் கண்டுக்கிறதுக்கு கிரேபஸ்னு ஒண்ணு எழுதினாங்க, ஆரா செத்த பிறகும் அது ஆண்ட்ராய்டுக்கே அடித்தளமான லினக்ஸ் கெர்னல் 4.9-ல சேந்துச்சு, இப்பவும் உள்ள இருக்கு. அந்த வேல வீண் போகலங்குறதுல எனக்கு ஒரு நிம்மதி.

நிலாவாசகி:

அண்ணா சொன்னதெல்லாம் சரிதான், ஆனா முடியவே முடியாதுன்னு படிக்கிறவங்க நெனச்சுடக் கூடாது, ஏன்னா நான் ஒண்ண மூணு வருஷம் கையில வச்சிருந்தேன். மோட்டோ இசட் ப்ளே, 2016 கடைசில வாங்கினது. பின்னாடி பதினாறு தங்கக் கலர் புள்ளி இருக்கும், அதுல மோட்டோ மாட்ஸ்னு சொல்ற ஐட்டத்த வச்சா காந்தம் டப்புன்னு இழுத்துக்கும். போனை ஆஃப் பண்ண வேணாம், செட்டிங்ஸ்ல எதுவும் செய்ய வேணாம். நான் ஜேபிஎல் ஸ்பீக்கர் மட்டும் வாங்கினேன், அதுக்குள்ளயே தனி பேட்டரி இருந்துச்சு, மொட்டை மாடில பாட்டு கேட்ட அந்த நாளெல்லாம் இன்னும் மனசுல இருக்கு. ப்ரொஜெக்டர் இருந்துச்சு, ஹேசல்ப்ளாட் பேர்ல 10 மடங்கு ஜூம் கேமரா இருந்துச்சு. முக்கியமா அவங்க குடுத்த வாக்க காப்பாத்துனாங்க, 2016-ல வாங்கின மாட் 2019-ல வந்த இசட்4-லயும் பொருந்துச்சு.

அதே 2016-ல எல்ஜி ஜி5 வந்துச்சு, அடிப்பாகத்த இழுத்தா பேட்டரியோட சேந்து வெளிய வரும், வேற பாகம் மாட்டிக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் போன் ஆஃப் ஆகிடும், கேமரா பிடிய மாட்டுறதுக்குள்ள குழந்த சிரிச்சு முடிச்சிடும். அடுத்த வருஷம் ஜி6-ல அத எடுத்துட்டாங்க, ஜி5-க்கு காசு போட்டு பாகம் வாங்கினவங்க கையில அது சும்மா கெடந்துச்சு. என் சித்தப்பா பையன் அதுல ஒருத்தன்.

ஆனா நான் யோசிச்சுப் பாத்தப்ப ஒண்ணு புரிஞ்சுச்சு. என் போன்ல கூடுதலா சேக்க முடிஞ்சுச்சு, பழசான எதையும் மாத்த முடியல. மூணாவது வருஷம் என் மோட்டோவோட உள் பேட்டரி போச்சு, அப்போ இந்த பதினாறு புள்ளியால எனக்கு ஒரு உதவியும் இல்ல. மேல ஒரு பேட்டரி மாட் ஒட்டிக்கிட்டு செங்கல் மாதிரி தூக்கிட்டுத் திரிஞ்சேன். அமெரிக்காவுல 5ஜிக்கு ஒரு மாட் விட்டாங்க, அதுக்குள்ள தனி மோடம், தனி ஆன்டெனா, 2000 எம்ஏஎச் தனி பேட்டரி. பழைய போனுக்கு 5ஜி குடுக்க அது முதுகுல கிட்டத்தட்ட இன்னொரு போனையே கட்ட வேண்டியிருந்துச்சு. குமரன் அண்ணா கேக்குறது இந்த மாதிரி சேக்குறது இல்லன்னு நெனைக்கிறேன்.

ஐந்தோவன்_தமிழன்:

நான் நெதர்லாந்துல ஐந்தோவன்ல இருக்கேன், ஃபேர்ஃபோன் 4 வச்சிருக்கேன், 2022-ல வாங்கினது. ஆம்ஸ்டர்டாம் கம்பெனி. நம்ம ஊர்ல விக்கிறதில்ல, அதனால பெருமைக்கு சொல்றேன்னு எடுத்துக்காதீங்க, இப்படி ஒண்ணு நடக்குதுன்னு தெரியணும்னு சொல்றேன்.

பின் மூடிய நகத்தாலயே கழட்டலாம். பேட்டரி பழைய நோக்கியா மாதிரி கையில எடுத்துடலாம். அதுக்கு மேல எட்டு சின்ன ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்தான், கழட்டினா டிஸ்ப்ளே தனியா வந்துடும். போன வருஷம் என் பொண்ணு படிக்கட்டுல போட்டு டிஸ்ப்ளே விரிசல் விட்டுச்சு, 80 ஈரோவுக்கு அவங்க சைட்லயே வாங்கி சமையல்கட்டு மேஜைலயே மாத்தினேன், பொண்ணுதான் ஸ்க்ரூவ ஒரு கிண்ணத்துல போட்டு வச்சிருந்தா. பேட்டரி வெல 30 ஈரோ. சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர், கேமரா எல்லாமே தனித்தனியா கெடைக்கும். குமரன், உங்களுக்கு வந்த ரெண்டு கோளாறும் இங்க அரை மணி நேர வேல.

ஆனா இதுலயும் ப்ராசசர மாத்த முடியாது, 4-ஓட உடம்புல 5-ஓட போர்டு உக்காராது. அப்கிரேடுன்னு நடந்தது கேமரா மட்டும்தான். ஃபேர்ஃபோன் 2-க்கு 2017-ல புது கேமரா விட்டாங்க, பழைய 8 மெகாபிக்சல எடுத்துட்டு 12 மாட்டிக்கலாம். 2020-ல 3 பிளஸ் வந்தப்ப அதோட 48 மெகாபிக்சல் கேமராவ பழைய 3 வச்சிருந்தவங்களும் வாங்கி மாட்டிக்கிட்டாங்க. அது சின்ன விஷயம் இல்ல, ஆனா ஹக்கன்ஸ் காட்டின கனவும் இல்ல.

அவங்களுக்கு பெரிய தலவலி எங்க வந்துச்சுன்னா சாஃப்ட்வேர்ல. ஃபேர்ஃபோன் 2-ல இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்கு மேல குவால்காம் சப்போர்ட் நிறுத்திட்டாங்க. ஸ்க்ரூ போட்டு கழட்டுற மாதிரி போன் செஞ்சு என்ன, சிப்பு பண்ணவங்க கைய விட்டா போன் சாகும்ல. இவங்க சின்ன டீம வச்சு தாங்களாவே ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் தூக்கிட்டு வந்தாங்க, 2015-ல வித்த போனுக்கு 2023 மார்ச் வரைக்கும் அப்டேட் வந்துச்சு. அந்த அடி பட்டதாலதான் 2023-ல வந்த ஃபேர்ஃபோன் 5-க்கு மிஷின்களுக்குப் போடுற க்யூசிஎம்6490 சிப்ப தேர்ந்தெடுத்தாங்க, அதுக்கு சிப் கம்பெனியே ரொம்ப வருஷம் சப்போர்ட் தருது. ஸ்பேர் பார்ட்ஸ்லயும் அடி பட்டிருக்காங்க, முதல் மாடலுக்கு 2017-லயே சப்போர்ட்ட நிறுத்த வேண்டி வந்துச்சு. பார்ட் செய்யிற ஃபேக்டரிக்காரன் ஆயிரம் ரெண்டாயிரம் பீசுக்கெல்லாம் லைன ஓட்ட மாட்டான்.

போன் கொஞ்சம் தடியா இருக்கும், தண்ணிக்குள்ள முக்க முடியாது, சாரல் தாங்கும். இதே வெலைக்கு இதவிட நல்ல கேமரா உள்ள போன் வேற கம்பெனில கெடைக்கும். எனக்கு அது பரவால்ல.

கோவில்பட்டி_குமரன்:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமா திண்டுக்கல் அண்ணனுக்கு, போனை ஆஃப் பண்ணி மாடில ஒரு மண்சட்டில வச்சிட்டேன், பழைய பட்டன் போன்ல சிம்ம போட்டு தம்பி லேப்டாப்ல இருந்து எழுதுறேன்.

படிச்சதுல எனக்கு ஒரு விஷயம் குழப்புது. தண்ணி போகக் கூடாதுன்னுதான் பசை போட்டு ஒட்டுறோம்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னாங்க. ஐந்தோவன் அண்ணனும் தண்ணிக்குள்ள முக்க முடியாதுங்குறாரு. அப்போ ஒட்டித்தான் ஆகணுமா? இல்ல அதுவும் ஒரு சாக்கா?

சால்டர்_திண்டுக்கல்:

இப்பதான் கடை சாத்துனேன். பதினாலு வருஷமா இந்த வேலைல இருக்கேன் தம்பி, ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது போன் பிரிக்கிறேன். என் கண்ணுல பட்டத சொல்றேன்.

என்கிட்ட வர்றதுல பெரும்பாலும் மூணே மூணு சமாச்சாரம். காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேந்தது, உடைஞ்சு வரும், பேட்டரி வீக்காகி வரும், சிசி போர்டு, அதான் சார்ஜிங் போர்டு, போய் வரும். மதர்போர்டு வேல, சிப்ப எடுத்து புது ஈயம் வச்சு ஒட்டுற ரீபாலிங் எல்லாம் அதுக்கப்புறம்தான், அதுலயும் பாதி தண்ணில விழுந்தது. ரேம் பத்தல வேற ரேம் போட்டுக் குடுங்கன்னு எவனும் வந்து நிக்கிறதில்ல. அதனால நீங்க ரெண்டு கேள்விய ஒண்ணா சேத்து கேட்டிருக்கீங்கன்னு எனக்குப் படுது. புது மூளைய வச்சு போனை புதுசாக்குறது ஒண்ணு. தேய்ஞ்ச பாகத்த எடுத்துட்டு அதே பாகத்த வைக்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு போர்டு டிசைனர் சார் சொன்னதுதான் பதில். ரெண்டாவதுக்கு டெக்னாலஜியே புதுசா தேவையில்ல. இப்ப வர்ற போனையே பிரிச்சுப் பாருங்க, பேட்டரி ஒரு சின்ன சாக்கெட்லதான் நிக்குது, சிசி போர்டு ஃப்ளெக்ஸ்னு சொல்ற ஒரு பட்டை வயர்ல, கேமரா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாக்கெட்ல. நகத்தால நெம்புனா வந்துடும். உள்ள எல்லாமே பார்ட் பார்ட்டாதான் இருக்கு. அதுக்குள்ள போறதுக்கான கதவுதான் இல்ல.

என் நேரம் எங்க போகுதுன்னா, ஹீட் கன்ன புடிச்சு பின் கிளாஸ சூடேத்தி, மெல்லிசான ப்ளேட சொருகி பசைய அறுக்குறதுல போகுது. இருபது நிமிஷம், சிலதுல முக்கா மணி. சூடு கொஞ்சம் கூடினா டிஸ்ப்ளேல புள்ளி விழும், கொறைஞ்சா கிளாஸ் உடையும். அப்புறம் பேட்டரிக்கு அடியில வேற பசை, இழுத்து எடுக்குற பட்டி வச்ச கம்பெனி புண்ணியவான், இல்லாததுல ஸ்பிரிட் விட்டு ஊற வச்சு நெம்பணும், வளைஞ்சா ஆபத்து. வேல முடிஞ்சு திரும்ப டி-7000 பசை போட்டு க்ளிப் மாட்டி ஒரு மணி நேரம் வைக்கணும். பேட்டரிய மாத்துற நெஜ வேல ரெண்டு நிமிஷம். கஸ்டமர் குடுக்குற கூலில முக்காவாசி அந்தப் பசைக்குத்தான்.

தண்ணிக்கு ஒட்டித்தான் ஆகணுமான்னு கேட்டீங்க. 2014-ல சாம்சங் எஸ்5 வந்துச்சே, பின் மூடிய கையால கழட்டலாம், உள்ள ரப்பர் பட்டி இருக்கும், பேட்டரி கையோட வரும், ஆனாலும் தண்ணில விழுந்தா தாங்கும்கிறதுக்கான ஐபி67 தரம். நானே தண்ணித் தொட்டில போட்டு எடுத்துக் காட்டிருக்கேன். இப்பவும் அவங்க எக்ஸ்கவர்னு ஒரு வரிசை விடுறாங்க, கையால கழட்டுற பேட்டரி, ஐபி68, எக்ஸ்கவர் 7 2024-ல நம்ம நாட்டுக்கும் வந்துச்சு, கம்பெனிகளுக்கு மொத்தமா விக்கிற மாடல், அதனால கடைல பாத்திருக்க மாட்டீங்க. ஆனா ஒரு நியாயத்தையும் சொல்லிடணும், அந்த மூடிய சரியா அமுக்காம விட்டு தண்ணி போன எஸ்5-ஐயும் நெறைய பாத்திருக்கேன். பசை ஒட்டினா ஆள் தப்பு செய்ய வழியில்ல, மெல்லிசாவும் வரும். பசைக்கு காரணம் இருக்கு, ஆனா வேற வழி இல்லங்குறது உண்மை இல்ல.

இதவிட எனக்கு மனசு வலிக்கிறது வேற ஒண்ணு. போன மாசம் ஒரு ஸ்கூல் டீச்சரம்மா கொண்டு வந்தாங்க, அதே மாடல் வேற போன்ல இருந்து எடுத்த ஒரிஜினல் டிஸ்ப்ளேவ போட்டேன், டூப்ளிகேட் இல்ல, அந்தக் கம்பெனியோட சொந்த டிஸ்ப்ளே. போட்டா ப்ரைட்னஸ் தானா அட்ஜஸ்ட் ஆகுறது நின்னு போச்சு, "இந்த பார்ட் தெரியாத பார்ட்"னு மெசேஜ் வேற வருது. அவங்க என்னைய திருடன பாக்குற மாதிரி பாத்தாங்க. கதவத் தொறந்து விட்டாலும் சாஃப்ட்வேர்ல பூட்டு போட்டா என்ன செய்றது சொல்லுங்க.

ஐந்தோவன்_தமிழன்:

அண்ணே நீங்க சொன்ன அந்தப் பூட்டு ரொம்ப முக்கியமான விஷயம். 2021-ல ஐபோன் 13-ல வெளிக்கடைல டிஸ்ப்ளே மாத்தினா முகம் பாத்து திறக்குறது வேல செய்யாம போச்சு, ஊரே சத்தம் போட்ட பிறகு அப்டேட்ல சரி பண்ணாங்க. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம் 2024-ல சட்டமே போட்டுச்சு, பார்ட்ட போனோட இப்படிக் கட்டிப் போடக் கூடாதுன்னு.

இங்க ஐரோப்பாவுல 2025 ஜூன் 20-ல இருந்து புது விதி, ஒரு மாடல் விக்கிறத நிறுத்தின பிறகும் 7 வருஷத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் குடுக்கணும், 5 வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் குடுக்கணும். 2027 பிப்ரவரி 18-ல இருந்து பேட்டரிய வாங்கினவங்களே மாத்துற மாதிரி இருக்கணும்னு இன்னொரு சட்டம். அந்த 2025 விதில ஒரு சந்தும் இருக்கு, ஆயிரம் தடவ சார்ஜ் ஏத்தி எறக்கின பிறகும் 80 சதவீதம் நிக்குற, தண்ணி புகாத போனா இருந்தா கடைக்காரர் மாத்துற மாதிரி இருந்தா போதும். பெரிய கம்பெனியெல்லாம் அந்த சந்து வழியாத்தான் போகப் பாப்பாங்க. அப்படிப் போனாலும் பேட்டரி நெறைய நாள் உழைக்கும்ல, அது நமக்கு லாபம்தான்.

போர்டு_டிசைனர்:

திண்டுக்கல் அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் என் பதில திருத்திக்கிறேன். நான் ஆராவோட இன்ஜினியரிங்க மட்டும் பாத்து சாத்தியமில்லன்னு எழுதிட்டேன். பேட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்டு, இந்த மூணுல நான் சொன்ன எந்தத் தடையும் பெருசா வராது. வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்க்ரூ போட்டு மாத்துற கனெக்டருக்கும், தினமும் காந்தத்துல ஒட்டிக் கழட்டுற கனெக்டருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆன்டெனா ட்யூனிங்கும் கெடாது, ஏன்னா அதே பார்ட்டுதான் அதே எடத்துல உக்காருது. நாங்க செய்யிற பில்லிங் மிஷின்ல ரப்பர் கேஸ்கெட்டும் எட்டு ஸ்க்ரூவும் போட்டுத்தான் மூடுறோம், மழைல நனைஞ்சாலும் தாங்குது. தடிமன் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கூடும். அத ஏத்துக்குறதா வேணாமாங்குறது வாங்குறவங்க கையில இருக்கு, ஆனா கடைல அப்படி ஒரு போன் இருந்தாத்தானே அவங்க தேர்ந்தெடுக்க முடியும்.

நம்ம அரசும் 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சிருக்கு குமரன், கம்பெனிகளோட சர்வீஸ் விவரம் அதுல போட்டிருக்காங்க. கட்டாயப்படுத்துற சட்டம் இன்னும் வரல. அந்தக் கையெழுத்து பேப்பர் விஷயத்த நீங்க நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி கேட்டுப் பாருங்க.

நிலாவாசகி:

ஒரு மில்லிமீட்டர் தடிமன்னா நாம எல்லாரும் மேல போடுற பேக் கவரே அதவிட தடி.

கோவில்பட்டி_குமரன்:

முந்தாநாள் திண்டுக்கல் போற வேல இருந்துச்சு, அண்ணன் கடைக்கே போயிட்டேன். பேட்டரியும் சிசி போர்டும் மாத்தியாச்சு, மொத்தம் 1,650 ரூபாய், டிஸ்ப்ளேக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன், கிளாஸ கழட்ட முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, உப்பின பேட்டரிய எடுக்கும்போது அண்ணன் என்னைய கடைக்கு வெளிய போய் நிக்கச் சொல்லிட்டாரு. புது பேட்டரிய மாட்டுனத நான் எண்ணிப் பாத்தேன், ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. 1915-க்கும் பேசினேன், புகார் நம்பர் குடுத்திருக்காங்க, பதில் வந்ததும் இங்கயே போடுறேன்.

சால்டர்_திண்டுக்கல்:

ஒரு நாள் முழுக்க பின்பக்கத்த அழுத்திப் புடிக்காதீங்க தம்பி, பசை நல்லா காயணும். மழைல கொண்டு போகாதீங்க, கம்பெனில வரும்போது இருந்த அளவுக்கு தண்ணி தாங்காது. அடுத்த தடவ பேட்டரி போனா ஹீட் கன் வேணாம், நான் பசைய ஓரத்துல மட்டும் மெல்லிசாதான் விட்டிருக்கேன், சீக்கிரமா வந்துடும்.